துணிச்சலின் செலவு யார் தலையில்?

துணிந்து வாழ். கனவைத் துரத்து. எதற்கும் வருந்தாதே. இந்த மூன்றும் இன்று அறிவுரை என்ற நிலையைத் தாண்டி நம் காலத்தின் அறமாகவே ஆகிவிட்டன. கல்லூரி ஆண்டு விழா, பாடல் வெளியீட்டு விழா, நிறுவனங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பு, முப்பது நொடிக் காணொளி என்று எங்கு திரும்பினாலும் இதே குரல் கேட்கிறது. எதிர்த்துப் பேசுகிறவருக்குக் கோழை, பிள்ளைகளின் ஆசையில் மண்ணைப் போடுகிறவர் என்ற பெயர் உடனே கிடைத்துவிடும். இருந்தாலும் எதிர்க்கிறேன். இந்த அறிவுரை தவறானது, தீங்கானதும்கூட. அந்தத் தீங்கு பெரும்பாலும் இதைக் கேட்டு நடந்தவர் மீது விழுவதில்லை. அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மீது விழுகிறது.

முதலில் அந்தக் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். நம் வீடுகள் பயத்தில் ஓடுகின்றன. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் அதன் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. ஓவியம் வரையும் கை பொறியியல் கல்லூரிக்குப் போகிறது. காதலித்த பெண்ணைச் சாதிக்குள் கட்டிவைக்கிறார்கள். பிடிக்காத வேலையிலேயே முப்பது வருடம் ஓடிவிடுகிறது. ஓய்வு பெறும் நாளில் திரும்பிப் பார்த்தால், இது நானே எடுத்த முடிவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை. சாகும் தறுவாயில் இருப்பவர்கள், செய்ததை எண்ணி வருந்துவதைவிடச் செய்யாமல் விட்டதை எண்ணித்தான் அதிகம் ஏங்குகிறார்கள். சாதித்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் பாதுகாப்பை உதறியவர்கள். எனவே தோற்றாலும் பரவாயில்லை, முயன்றோம் என்ற நிறைவாவது மிஞ்சும். முயலாவிட்டால் ஏக்கம்தான் மிஞ்சும்.

வலுவான வாதம். இதன் முதல் பாதி, அதாவது நம் வீடுகளில் பிள்ளைகளின் குரல் எடுபடுவதில்லை என்பது, உண்மையும்கூட. அந்த உண்மையிலிருந்து இவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

1.

யாரை வைத்து இதை நிரூபிக்கிறார்கள்? வென்றவர்களை மட்டும் வைத்து.

2023ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். முதல்நிலைத் தேர்வு எழுதியவர்கள் 5,92,141 பேர். இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தவர்கள் 1,016 பேர். முடிவு வெளியான மறுநாள் பத்திரிகைகளில் பேட்டிகள் வருகின்றன. பலமுறை தோற்றேன், மனம் தளரவில்லை, விடாமல் முயன்றேன், வென்றேன். வென்றவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பொதுப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட ஆறு முயற்சிகளும் தீர்ந்து, 32 வயது வரம்பும் தாண்டி, அண்ணா நகர் பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்த அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் பேருந்து ஏறியவரும் மனம் தளராதவர்தான். தளராததால்தான் ஆறு முறையும் எழுதினார். வென்றவரிடமும் தோற்றவரிடமும் ஒரே அளவில் இருக்கும் ஒரு குணத்தைக் காட்டி, இதனால்தான் வெற்றி வந்தது என்று சொன்னால் அது விளக்கமே ஆகாது.

விடாமுயற்சி மட்டும் போதும் என்று நாங்கள் சொல்லவில்லை, அது இல்லாமல் முடியாது என்றுதான் சொல்கிறோம் என்று பதில் வரலாம். அப்படியானால் அதையும் மேடையில் சேர்த்துச் சொல்லவேண்டும். எழுதிய ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேரில் ஆயிரம் பேருக்குத்தான் இடம் இருந்தது, மற்றவர்கள் எவ்வளவு துணிந்தாலும் இடத்தின் எண்ணிக்கை கூடியிருக்காது என்று சொல்லவேண்டும். சொல்லமாட்டார்கள். சொன்னால் கைதட்டல் நின்றுவிடும்.

2.

மரணப்படுக்கையை நீதிமன்றமாக்கியது யார்? இந்தக் கட்சியின் பெரிய ஆயுதமே அதுதான். ஆஸ்திரேலியாவில் இறுதிக்கால நோயாளிகளைப் பராமரித்த பிரானி வேர் என்ற பெண்மணி, அவர்கள் அடிக்கடி சொன்ன ஐந்து வருத்தங்களை எழுதினார். 2011இல் அது நூலாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. பிறர் எதிர்பார்த்த வாழ்க்கையை வாழாமல் தனக்கு உண்மையாக வாழும் தைரியம் இருந்திருக்கலாம் என்பது அந்தப் பட்டியலில் முதலாவது. மேடைகளில் எடுத்துச் சொல்லப்படுவது அந்த ஒன்றுதான். மற்ற நான்கையும் படித்துப் பாருங்கள். இவ்வளவு கடுமையாக உழைத்திருக்கவேண்டாம் என்பது இரண்டாவது. மனதில் இருந்ததை வெளியே சொல்லாமல் போனது மூன்றாவது. நண்பர்களோடு தொடர்பை விட்டது நான்காவது. மகிழ்ச்சியாக இருக்கத் தன்னை அனுமதிக்காதது ஐந்தாவது. கனவைத் துரத்தும் வேகத்தில் எது முதலில் பலியாகும்? தூக்கம், நண்பர்கள், வீட்டாரோடு உட்கார்ந்து பேசும் பொழுது. அதாவது இரண்டும் மூன்றும் நான்கும். ஒரு பட்டியலின் முதல் வரியை மட்டும் கிழித்தெடுத்து, மற்ற வரிகளுக்கு நேர்விரோதமான வாழ்க்கையைப் பரிந்துரைக்கிறார்கள். இது ஒருவர் தன் பணி அனுபவத்திலிருந்து எழுதிய நூல். எண்ணிக்கை எடுத்த ஆய்வு அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

எண்ணிக்கை எடுத்த ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களில் செய்தவை அவற்றில் புகழ்பெற்றவை. குறுகிய காலத்தில் மனிதர்கள் செய்த செயலுக்காக அதிகம் வருந்துகிறார்கள், காலம் நீளும்போது செய்யாமல் விட்டது மேலெழுகிறது என்பது அவர்கள் கண்டது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று அவர்களே சொன்ன காரணங்களை யாரும் மேடையில் சொல்வதில்லை. செய்த செயலின் விளைவுக்கு ஓர் எல்லை உண்டு. நடந்தது நடந்தபடி கண்முன் நிற்கும். செய்யாமல் விட்டதன் விளைவு கற்பனையில் இருப்பதால் அதற்கு எல்லையே இல்லை. தொடங்காத கடையில் நஷ்டம் வராது. எடுக்காத படம் தோற்காது. மணக்காத காதலியோடு பாத்திரம் கழுவுவது யார் என்ற சண்டை வராது. எண்பது வயதில் ஒருவர் தன் நிஜ வாழ்க்கையை, நஷ்டமே இல்லாத ஒரு கற்பனை வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கிறார். நிஜம் தோற்றுத்தானே ஆகவேண்டும்? இருபத்தைந்து வயதுப் பையன் தன் அடுத்த பத்து வருடத்தை அந்தத் தீர்ப்பின் மேல் கட்டச் சொல்வது நியாயமா?

அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் இந்த எண்பது வயதுக் கணக்கைத்தான் போட்டார். எண்பதில் திரும்பிப் பார்க்கும்போது வருத்தம் குறைவாக இருக்கவேண்டும் என்று எண்ணி, 1994இல் நியூயார்க் நிதி நிறுவன வேலையை விட்டார். நம் ஊர்க் காணொளிகளில் தமிழ் எழுத்து ஓட இந்தக் கதை ஆயிரம் முறை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவருடைய பெற்றோர் அந்தத் தொழிலில் ஏறத்தாழ 2,45,000 டாலர் போட்டார்கள் என்பது அந்தக் காணொளிகளில் வருவதில்லை. விட்டது அமெரிக்க நிதித்துறையின் உயர்பதவி. தோற்றிருந்தால் வேறொரு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டிருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்தில் இருந்த ஒரே காணியை விற்று மகனைப் படிக்கவைத்த வீட்டுக்கு இந்தக் கதையில் என்ன பாடம் இருக்கிறது?

3.

ராமானுஜனையும் கலாமையும் இந்தக் கட்சியில் சேர்த்தது எப்படி? அவர்கள் வாழ்க்கையை ஊன்றிப் படித்தால் அவர்கள் எதிர்க்கட்சியில் உட்காருவார்கள்.

கணிதத்தைத் தவிர எதிலும் மனம் செல்லாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் ராமானுஜன். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. கனவைத் துரத்திய காலம் அதுதான், அந்தக் காலம் அவரைப் பட்டினியில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன்பின் அவர் என்ன செய்தார்? நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடிப் போய்க் கேட்டதும் ஒரு குமாஸ்தா வேலைதான். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கராகச் சேர்ந்தார். அந்த வேலை கிடைத்தபின்னர்தான், 1913 ஜனவரியில், ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம் போனது. கடிதத்தின் தொடக்கத்திலேயே தன்னைத் துறைமுகக் கழகக் குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். இடையில் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கிய ராமச்சந்திர ராவ், அலுவலகத்தில் மேலே இருந்து கைகொடுத்த நாராயண ஐயர், பிரான்சிஸ் ஸ்பிரிங், கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று எத்தனை பேர், எத்தனை கைகள். இவர்கள் எல்லோரையும் அழித்துவிட்டு, தனியாக ஒரு மேதை உலகத்தை எதிர்த்து நின்றார் என்று கதை கட்டுகிறோம்.

கலாம் நம் பிள்ளைகளைக் கனவு காணச் சொன்னவர். அவருடைய சொந்தக் கனவு போர் விமானம் ஓட்டுவது. 1958இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடங்களுக்கு அவர் ஒன்பதாவதாக வந்தார். கனவு அன்றோடு முடிந்தது. மனம் உடைந்து ரிஷிகேசம் போனார், சிவானந்தரைச் சந்தித்தார். பிறகு மறுபடி மறுபடி விமானப்படை வாசலில் போய் நிற்கவில்லை. அழைப்பு வந்திருந்த இன்னொரு வேலையை, பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு, ஏற்றுக்கொண்டார். ராக்கெட்டும் ஏவுகணையும் குடியரசுத் தலைவர் மாளிகையும் அந்த வழியில் வந்தவை. கனவைக் கைவிட்டு, கையில் கிடைத்த வேலையைப் பிடித்து, அதற்குள் வளர்ந்த ஒருவரின் படத்தை மாட்டிவைத்து, கனவைக் கைவிடாதே என்று எழுதுகிறோம். அவர் எழுதிய அக்னிச் சிறகுகளிலேயே இத்தனையும் இருக்கிறது.

4.

செலவை யார் கொடுத்தார்கள்? என் முதன்மையான மறுப்பு இதுதான். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் நிராகரித்தாலும் இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

ராமானுஜனுக்குக் கட்டிவைக்கப்பட்டபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914இல் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1919இல் நோயாளியாகத் திரும்பினார். ஓராண்டு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார் ஜானகி. 1920 ஏப்ரல் 26இல் கணவர் இறந்தபோது அவருக்கு 21 வயது. பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்துப் பிழைத்து, ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, 1994இல்தான் மறைந்தார். கணவர் இல்லாமல் எழுபத்து நான்கு ஆண்டுகள். ராமானுஜனின் மேதைமைக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது, சந்தேகமில்லை. அந்தக் கடனில் பாதி ஜானகியின் பேரில் இருக்கிறது.

1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்தாண்டுகள் அங்கே கழிந்தன. நாட்டுக்காக எடுத்த முடிவு அது, அதன் பெருமையில் ஒரு துளியும் குறைக்க நான் வரவில்லை. ஆனால் சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு அள்ளி இறைத்த கதையை நாம் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். கவிஞரின் உள்ளம் எவ்வளவு பெரியது என்று சொல்லி நெகிழ்கிறோம். அன்று மதியம் இரண்டு பெண் குழந்தைகளுக்கு யார் வீட்டிலிருந்து அரிசி வாங்கி வந்து உலை வைத்தார்கள்? அதைக் கேட்கவேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. மனைவி செல்லம்மாள் பின்னாளில் திருச்சி வானொலியில் பேசியபோது, கவிஞரோடு குடித்தனம் நடத்துவதன் கஷ்டத்தை மறைக்காமல் சொன்னார். கணவர் 1921இல் மறைந்தபின் அவர் பாடல்களை அச்சுக்குக் கொண்டுபோகும் முயற்சியில் முன்நின்றதும் அவர்தான்.

இவை பேரறிஞர்களின் வீடுகள், அதனால் பெயராவது பதிவாகியிருக்கிறது. பெயர் பதிவாகாத வீடுகளில் என்ன நடக்கிறது? தம்பி சென்னையில் படம் இயக்கும் கனவில் இருக்கிறான், அண்ணன் குவைத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் வருகிறார். மகன் தொழில் தொடங்குகிறான், அப்பா வருங்கால வைப்புநிதியை எடுத்துக் கொடுக்கிறார், அம்மா தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் அடகுக்கடையில் வைக்கிறாள். தங்கையின் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போகிறது. துணிந்தவன் ஒருவன், அவனைச் சுமந்தவர்கள் நால்வர். அவன் வென்றால் மேடையில் ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்வான். தோற்றாலும், முயன்றேன் என்ற நிறைவு அவனுக்கு உண்டு என்கிறீர்கள். அந்த நால்வருக்கு என்ன உண்டு? அவர்கள் எதை முயன்றார்கள்? வட்டி கட்ட முயன்றார்கள்.

இந்த அறத்தின்படி பார்த்தால் அந்த அண்ணன் யார்? கனவைத் துரத்தாதவர், அதாவது கோழை. 1974இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்தின் கவிதாவும் கோழைதான். மொத்தக் குடும்பத்தையும் தன் சம்பளத்தில் தாங்கி, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போன பெண் அவள். அந்தப் பாத்திரத்தைப் பார்த்து அழுத தலைமுறைக்கு அவள் வாழ்க்கையில் இருந்த அநீதியும் தெரிந்தது, அவளுடைய பெருமையும் தெரிந்தது. இன்றைய அறிவுரைக்கு இரண்டுமே தெரியாது. அது அவளைப் பார்த்து, உனக்காக நீ வாழவில்லையே என்று கேட்கும். அவளும் தனக்காக வாழப் போயிருந்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யார் சாப்பிட்டிருப்பார்கள்?

கலாமிடம் இன்னொரு முறை போகிறேன். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜொகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். என் சம்பாத்தியத்தில் இதை மீட்டுக் கொடுப்பேன் என்று அன்றே தனக்குள் உறுதி எடுத்ததாகக் கலாம் எழுதியிருக்கிறார். பிறர் கொடுத்ததை அவர் கடனாக எழுதிவைத்துக்கொண்டார். இன்று மேடையில் விற்கப்படும் துணிச்சலில் அப்படி எழுதிவைக்க ஒரு பக்கமே இல்லை.

5.

வருந்தாதே என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மூன்று கட்டளைகளில் மிகக் கொடியது இந்த மூன்றாவதுதான்.

வருத்தம் என்பது என்ன? வேறொன்றைச் செய்திருக்க முடியும், அதன் விளைவு வேறாக இருந்திருக்கும், அந்தத் தெரிவு என் கையில் இருந்தது என்ற அறிவு, வலியோடு வருவது. நதாலி காமில் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2004இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே இருக்கும் மூளைப்பகுதி சேதமடைந்தவர்களைச் சூதாட்டம் போன்ற ஒரு விளையாட்டில் ஈடுபடுத்தினார்கள். விட்டுவிட்ட இன்னொரு தெரிவு என்ன தந்திருக்கும் என்று காட்டியபோது மற்றவர்கள் வருந்தினார்கள், அடுத்த சுற்றுகளில் அந்த வருத்தத்தைத் தவிர்க்கும்படி தெரிவு செய்யக் கற்றார்கள். மூளை சேதமடைந்தவர்கள் வருந்தவில்லை, வரப்போகும் வருத்தத்தை எண்ணிப் பார்த்துத் தெரிவு செய்யவும் அவர்களால் இயலவில்லை. எதற்கும் வருந்தாத மனிதர் நிஜத்தில் இருந்தால் இப்படித்தான் இருப்பார். இதையா நம் பிள்ளைகளுக்கு இலட்சியமாக வைக்கிறோம்?

1979 ஆகஸ்ட் 10இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்துக்குப் பொறுப்பு கலாம். மறுநாளே எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி, எங்கே தவறு என்று தோண்டினார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்தது தெரிந்தது. ஏவுவதற்கு முன்பே கசிவின் அறிகுறி தெரிந்தும் தொடரச் சொன்னது தன் முடிவு என்று கலாம் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு ஜூலை 18இல் ஏவியது சுற்றுப்பாதைக்குப் போனது. தோற்றோம், ஆனாலும் முயன்றோம், வருத்தமில்லை என்று அவர்கள் கலைந்து போயிருந்தால் அந்தக் கசிவு அடுத்த ராக்கெட்டிலும் இருந்திருக்கும்.

பிறரால் செய்யப்பட்ட தியாகத்தை நினைவில் வைத்திருக்கும் கருவியும் இந்த வருத்தம்தான். என்னால் தங்கைக்கு இரண்டு வருடம் போயிற்று என்று ஒருவன் இரவில் விழித்துக்கொண்டு யோசித்தால், அது அவனுடைய பலவீனமில்லை. அவன் இன்னும் அந்த வீட்டைச் சேர்ந்தவனாக இருக்கிறான் என்பதற்கு அது சான்று. அதையும் உதறிவிடு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். செலவையும் பிறர் தலையில் போட்டு, அந்த நினைவையும் அழித்துவிடு என்கிறீர்கள்.

துயரத்துக்கும் வருத்தத்துக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் கடந்துபோ என்ற அதே அறிவுரையைத்தான் இரண்டுக்கும் கொடுக்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மருத்துவரான அக்கா பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் கடந்துபோகவில்லை. பல பத்தாண்டுகள் அதைச் சுமந்து, நிதி திரட்டி, அலைந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தமிழகத்தின் மிகத் துணிச்சலான பெண்களில் ஒருவர் அவர். அந்தத் துணிச்சலுக்கு ஊற்று, ஆற மறுத்த ஒரு வலி.

6.

தோற்றால் பழி யார் மேல்? தோற்றவன் மேலேயே. நீ போதுமான அளவு துணியவில்லை, போதுமான அளவு ஆசைப்படவில்லை. எந்தத் தோல்வியாலும் பொய்யாக்க முடியாத அறிவுரை இது. பொய்யாக்கவே முடியாத ஒன்றை நம்புவதற்கும் வழியில்லை. கல்விக் கட்டணம் ஏறியது, அரசு வேலை குறைந்தது, வங்கி ஈடு கேட்டது, நேர்முகத் தேர்வில் சாதி பார்த்தார்கள் என்று எதையும் பேச இடமில்லாமல், எல்லாம் தனிமனிதனின் நெஞ்சுரத்தில் வந்து முடிகிறது.

இதில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஓர் அறையில் ஐந்தாறு பேராக வாழும் உதவி இயக்குநர்களைக் கேளுங்கள். பேட்டாவுக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் வருடக்கணக்கில் உழைப்பு வாங்கப்படுகிறது. சம்பளம் கேட்டால், உனக்குச் சினிமா மேல் ஆசை இல்லையா என்ற கேள்வி வரும். புதிய மென்பொருள் நிறுவனங்களில் இரவு பதினொரு மணிவரை உட்காரவைப்பதும் இதே பெயரில்தான். கனவு என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்பது கேவலமாகிவிடுகிறது. முதலாளிக்கு இதைவிட மலிவான ஏற்பாடு எங்கே கிடைக்கும்?

அப்படியானால் யாரும் எதையும் முயலக்கூடாதா? இந்தக் கேள்வி வரும், வரவேண்டும். முயலலாம். அமெரிக்காவில் தொழில் தொடங்கியவர்களை ஆராய்ந்து ஜோசப் ராஃபியும் ஜியே ஃபெங்கும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு அதில் முழுதாக இறங்கியவர்களுக்கு, வேலையை விட்டுவிட்டுத் தொடங்கியவர்களைவிடத் தோல்வி அபாயம் 33 சதவீதம் குறைவு. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று நாம் ஏளனம் செய்யும் அந்த நிலைதான் அதிகம் பேரைக் கரை சேர்த்திருக்கிறது. துறைமுகக் குமாஸ்தா செய்ததும் அதுவேதான். முயல்கிறவர் வீட்டில் உட்கார்ந்து, எவ்வளவு பணம், எத்தனை வருடம், தோற்றால் யாருக்கு என்ன போகும் என்று முன்கூட்டியே பேசவேண்டும். அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கவேண்டும். அந்த வேண்டாம் காதில் விழவேண்டும்.

வேறொரு துணிச்சல் இருக்கிறது, அதை இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. பதினாறு வயதில் கட்டிவைக்கப் பார்க்கும் வீட்டில் ஒரு பெண் 1098ஐ அழைக்கிறாள். சாதி மாறி மணந்த இருவர் காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்கிறார்கள். அடிக்கிற கணவனை விட்டு ஒருத்தி குழந்தையோடு வெளியேறுகிறாள். இவர்கள் யாருடைய உழைப்பையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, தங்களிடமிருந்து எடுக்கப்பட்டதைத் திரும்பக் கேட்கிறார்கள். இவர்களிடம் துணிந்து வாழ் என்று சொல்லிவிட்டுப் போவது கைகழுவுவதாகும். பெண்கள் விடுதி, வழக்கறிஞர், முதல் மாத வாடகை, ஒரு வேலை, இவற்றில் எதைக் கொடுக்கிறோம் என்பதை வைத்துத்தான் நம் பேச்சை அவர்கள் மதிப்பார்கள்.

மேடை ஏறுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது, வேலையை விட்ட நாளில் வங்கியில் எவ்வளவு இருந்தது, சம்பளம் இல்லாத வருடங்களில் வாடகையை யார் கட்டினார்கள், யாருடைய நகை அடகுக்குப் போனது, அது மீட்கப்பட்டதா, அந்த வருடங்களில் வீட்டில் யாருடைய படிப்பு அல்லது கல்யாணம் நின்றது என்பதையும் பெயரோடும் தொகையோடும் சொல்லுங்கள். உங்களோடு அதே ஆண்டில் தொடங்கித் தோற்ற நண்பர் ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அவருக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள். கேட்கும் பிள்ளைகள் அதன்பிறகு முடிவு செய்துகொள்ளட்டும்.